ஞாயிற்றுக்கிழமைக்காரர்

வாரத்தில் ஆறு நாள் அவர் ஆபீசில் ஃபைலுக்குக் கையெழுத்துப் போடுகிறவர். ஏழாவது நாள் விடிவதற்குள் அவருக்குள்ளிருந்து ரெண்டு பேர் எழுந்து வருவார்கள். ஒருவர் சமையல்காரர், இன்னொருவர் போட்டோகிராஃபர். ரெண்டு பேருக்கும் உடம்பு ஒன்றுதான் என்பதில் தொடங்குகிறது அந்த வீட்டின் ஞாயிற்றுக்கிழமை.

மதுரையில் எந்தப் பக்கம் போனாலும் தெருவுக்கு ஒருவராவது இப்படி இருப்பார். பத்துப் பன்னிரண்டு பாக்கெட் வைத்த கையில்லாத கோட்டு, தோளில் கறுப்புப் பை, கையில் மீன் வாங்கிய தூக்குவாளி. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எதிர்ப்பட்டவர் அவர்தான்.

அவருடைய சங்கடம் நியாயமானது. நல்ல கறியும் நல்ல வெளிச்சமும் மதுரையில் ஒரே நேரத்தில்தான் கிடைக்கும். ஆறு மணிக்குக் கடையில் நின்றால்தான் நெஞ்செலும்பு, ஈரல், சுவரொட்டி என்று கேட்டு வாங்கலாம். எட்டு மணிக்குப் போனால் கடைக்காரர் போடுவதுதான் கறி. சமணர் மலைப் பாறையில் பொன்வெயில் விழுவதும் அதே ஆறு மணிக்குத்தான். ரெண்டு வருஷம் தவித்த பிறகு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார்: அயிரை மீன். சனிக்கிழமை சாயங்காலமே வாங்கித் தண்ணீரில் விட்டுவிட்டால் உயிரோடு காத்திருக்கும். விடியற்காலை வெளிச்சத்துக்குக் கிளம்பிவிடலாம்.

கிளம்பியதில்லை.

ஏனென்றால் அயிரைக்கு ஒரு சடங்கு உண்டு. வயிற்றில் இருக்கும் மண்ணைக் கக்குவதற்குத் தேங்காய்ப்பாலில் விடவேண்டும். வெள்ளைப் பாலுக்குள் விரல் நீள மீன்கள் நெளிவதைப் பார்த்ததும் சமையல்காரர் விலகிக்கொள்வார், போட்டோகிராஃபர் முன்னால் வருவார். மேக்ரோ லென்ஸ் வரும். முக்காலி வரும். சமையல் மேடையில் இடம் போதாமல் மிக்ஸி இறங்கி ஹாலுக்குப் போகும். "ஷட்டர் ரெண்டாயிரத்துல ஒன்னு வச்சாத்தான் நெளிவு உறையும்" என்பார். "ஏங்க, உறையுறது இருக்கட்டும், பால் திரிஞ்சிரப்போகுது" என்பார் மனைவி.

அடுத்தது உரசல். மண்சட்டியில் கல் உப்பைப் போட்டு மீனை உரசி, கொழகொழப்புப் போகும்வரை நாலைந்து தண்ணீர் மாற்றி அலச வேண்டும். இங்கே ஒரு தொழில்நுட்பச் சிக்கல்: உப்புப் பட்ட கை கேமராவைத் தொடக்கூடாது. ஆகவே உரசுவது மனைவி. சின்ன வெங்காயம் உரிப்பது அம்மா. மசாலா அரைத்தது முந்தின நாளே மாமியார் வீட்டில். புளிக்கரைசலை ஊற்றியது மட்டும் அவர். அதையும் மகன் படம் பிடித்திருக்கிறான். "இன்னைக்கு நம்ம சமையல்" என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வருவது அந்தப் படம்தான்.

குழம்பைக் குறை சொல்ல முடியாது. ஒரு கிண்ணம் எங்கள் வீட்டுக்கும் வரும். நல்லெண்ணெய் மேலே மிதந்து, சுண்டக் காய்ந்து, இட்லிக்கு அப்படிப் பொருந்தும். வருவதற்குள் பதினோரு மணி ஆகிவிடுமே என்பதுதான் குறை. ஜன்னலோரம் பழைய பலகையில் சட்டியை வைத்து, பக்கத்தில் ரெண்டு வெங்காயத்தைத் தற்செயலாக விழுந்த பாவனையில் அடுக்கி, மகனைத் தெர்மோகோல் அட்டை பிடிக்கச் சொல்வார். அந்தப் பிள்ளை அட்டைக்குப் பின்னாலிருந்து, "அப்பா, சாப்பிடலாமா?" என்று கேட்கும். "ஆவி போயிருச்சுடா. அம்மாவைத் திரும்பச் சுட வைக்கச் சொல்லு."

சமணர் மலை அடிவாரத்துக் கீழக்குயில்குடிக்கு வந்து சேரும்போது உச்சி வெயில். தாமரைக் குளத்தில் பூக்கள் கூம்பத் தொடங்கியிருக்கும். அய்யனார் கோயில் ஆலமர நிழலில் கல்யாணத்துக்கு முந்தைய படப்பிடிப்பு ஒன்று, மணப்பெண் கவுனோடு. அவர்களைப் பார்த்து நம்மவர் உதட்டைச் சுழிப்பார். அது தொழிலாம், இவருடையது கலை. மனைவியும் பிள்ளைகளும் நிழலில் உட்கார்ந்துவிட, படியேறிச் செட்டிப்புடவு குகைக்குப் போவார். பாறையில் செதுக்கிய மகாவீரர் ஆயிரம் வருஷத்துக்கு மேலாக அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். இவருக்கு வாய்த்தவர்களில் அவசரப்படுத்தாத ஒரே ஆள். அப்படியும் படம் வெளுத்துப் போகும். "கறுப்பு வெள்ளையில போட்டுக்கலாம்" என்பார். அவருடைய கறுப்பு வெள்ளைப் படங்கள் அத்தனையும் தாமதமாக வந்து சேர்ந்த நாட்களின் பதிவேடு.

இறங்கி வரும் வழியில் ஆடு ஓட்டிப் போகும் பாட்டியை நிறுத்துவார். "ஆத்தா, இன்னொரு தடவ அங்கிட்டிருந்து ஓட்டிட்டு வாங்க."

"நான் வந்துருவேன்யா. ஆடு கேக்கணும்ல."

மனைவி முகம் சுருங்கினால் சரித்திரத்துக்குப் போய்விடுவார். 1858இல் லின்னேயஸ் டிரைப் என்ற வெள்ளைக்காரக் கேப்டன் மதுரையைப் படம் எடுத்தார். மீனாட்சியம்மன் கோயில், நாயக்கர் மகால், தெப்பக்குளம் எல்லாம் அதில் உண்டு. அப்போது காகித நெகட்டிவ், கேமராவும் ரசாயனமும் மாட்டு வண்டியில் வரவேண்டும். "அந்த மனுசன் எவ்வளவு பொறுமையா எடுத்திருப்பாரு, யோசிச்சுப் பாரு." மனைவி யோசிக்காமலே சொல்வார்: "அவரு வீட்டுல பாத்திரம் தேய்க்க ஆள் இருந்திருக்கும்."

மனைவிக்குத் திடீரென்று பக்தி வந்ததற்கும் ஒரு காரணம் இருக்கிறது. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் செல்போன்கூடக் கொண்டுபோக முடியாது. ஞாயிற்றுக்கிழமை வந்தால், "கோயிலுக்குப் போயிட்டு வருவோமா?" என்று முதல் ஆளாகக் கேட்பது அவர்தான்.

கேமரா, லென்ஸ், முக்காலி எல்லாம் சேர்த்து எத்தனை பவுன் நகை என்று கணக்குப் பார்க்கும் உரிமை அந்த வீட்டில் யாருக்கும் இல்லை. போன மாசம் அவருடைய அம்மா ஒன்றே ஒன்று கேட்டார். "பென்சன் ஆபீசுல போட்டோ கேக்குறாகப்பா. பாஸ்போர்ட் சைஸ்ல ஒன்னு எடுத்துத் தா." அவர் அம்மாவின் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். வெளிச்சம் கடுமையாக இருக்கிறது, இந்த லென்ஸ் முகத்துக்கு ஆகாது, அடுத்த வாரம் வெள்ளென எடுத்துவிடலாம் என்றார்.

அம்மா சுருக்குப்பையை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கத்து ஸ்டுடியோவுக்குப் போனார். பத்தே நிமிஷத்தில் எட்டு காப்பியோடு திரும்பி வந்தார்.