ஒரு நாள் வீட்டுக்கு வாங்களேன்

வாடா பேராண்டி. செருப்ப உள்ளயே வுடு. தெருவுக்குப் புதுசா ஒரு நாய் வந்துருக்குது, அதுக்குத் தோல் செருப்புன்னா உசுரு. உக்காரு. சோறு துன்னியா? இல்லன்னு சொல்லு, அதான் மரியாதை. துன்னுட்டன்னு சொன்னா ஒங்க ஆயா மூஞ்சி தொங்கிப்பூடும்.

என்னா, ஒங்க தெருக் கிறிஸ்தவங்க கூடற அன்பியக் கூட்டம் இந்த மாசம் ஒன் வீட்லயா? லாஸ்பேட்டையில, மூணாவது மாடியில? சாமியார் ‘கிறிஸ்தவ விருந்தோம்பல்’னு தலைப்பு குடுத்துட்டாரு, நீ அஞ்சு நிமிஷம் பேசணும், அதுக்குக் கெழவன்கிட்ட விசயம் கேக்க வந்துட்ட. கைல நோட்டு வேற. சரி, மொதல்ல நீ என்னென்ன வாங்கி வச்சிருக்க, அத்தச் சொல்லு. பீங்கான் தட்டு முப்பது. பப்ஸு, கேக்கு, கலரு. சோபாவுக்குப் புது உறை. மீன் வறுத்த வாசன போறதுக்கு ஏதோ ஒரு ஸ்பிரே. பலே. எல்லாத்தையும் வாங்கிட்ட. ஆளுங்கள எந்தக் கடையில வாங்கறதுன்னு தெரியாமத்தான் இங்க வந்துருக்க.

எழுதிக்க. யாரப் பாத்தாலும் “ஒரு நாள் வீட்டுக்கு வாங்களேன்”னு சொல்லு. இத்தவிட செலவில்லாத விருந்து ஒலகத்துல கெடையாது. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி கோயில் வாசல்ல நின்னு பாரு, இந்த மாதிரி நூறு விருந்து நடக்கும். எல போடத் தேவையில்ல, எடுக்கவும் தேவையில்ல. ஆனா தேதி மட்டும் கேட்டுறக்கூடாது. நான் ஒருக்கா தெரியாம கேட்டுட்டன்: “ஒரு நாள்னா செவ்வாக்கெழமையா, பொதங்கெழமையா?” அந்த மனுசன் அன்னிலேர்ந்து மொதப் பூசைக்கு மாறிட்டான். நான் நடுப்பூசைக்குத்தான் போவன்னு அவனுக்குத் தெரியும்.

மத்தபடி புதுச்சேரிக்காரனுக்கு விருந்தாளிப் பஞ்சம் ஏது? சனிக்கெழம ஆனா கோரிமேட்டத் தாண்டிக்கினு தமிழ்நாட்டுச் சொந்தம் எல்லாம் வந்து எறங்குது. அங்க போத்தல் என்னா வெல, இங்க என்னா வெலன்னு கழிச்சிப் பாத்தா எம்மாம் பாசம்னு தெரிஞ்சிடும். அதுவும் உறவுதான், நான் வேணாங்கல. ஞாயித்துக்கெழம சாயங்காலம் வரைக்கும் தாங்கற உறவு.

நீ வெள்ளக்காரத் தெருவுல நடந்திருப்ப இல்ல? வீடுன்னா தெருவுக்கு நேரா ஒசந்த மதிலு, பெரிய கதவு. உள்ள யாரு இருக்காங்கன்னு காக்காவுக்குத்தான் தெரியும். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நம்மாளு வீடு கட்டுனா, மொதல்ல தெருவுல தூண் நட்டுத் தாழ்வாரம் எறக்குவான். அப்பறம் திண்ணை. அதுக்கப்பறந்தான் கதவு. தாழ்வாரம் மழைக்கு ஒதுங்கறவனுக்கு, திண்ணை வழிப்போக்கனுக்கு. வைசியாள் வீதியில அந்தத் தாழ்வாரத்தயெல்லாம் பழசு மாதிரியே திரும்பக் கட்டுனாங்க, 2008ல யுனெஸ்கோ விருதே குடுத்துச்சி. நல்ல காரியம். மத்த தெருவுல போய்ப் பாரு, திண்ணைக்குக் கம்பி போட்டு, உள்ள ஸ்கூட்டரு நிம்மதியா படுத்துக்கினு கெடக்குது.

திண்ணை எல்லாருக்கும்னு சொல்றப்ப நீ தலையாட்டுன பாரு, அங்கதான் ஏமாந்த. எவன் திண்ணையில உக்காரலாம், எவன் தெருவுலயே நிக்கணும்னு யாரும் எழுதி வைக்கல. எழுதாமலே எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துச்சி.

நம்ம ரெட்டியார்பாளையம் அந்திரேயா கோயிலு இருக்குதே, நீ ஞானஸ்நானம் வாங்கறப்ப சாமியார் கைய எட்டி ஒதச்ச கோயிலு, அத்தக் கட்டுனது யாரு தெரியுமா? கனகராய முதலி. பிரெஞ்சுக்காரனுக்குப் பெரிய துபாஷி. நம்ம வேதத்துக்காரரு. மகன் செத்துப்பூட்டான், வேலவேந்திரன்னு பேரு. அந்திரேயாவத்தான் நம்ம பழைய ஆளுங்க பெலவேந்திரர்னு சொல்லுவாங்க. மகன் ஞாபகமா அந்தப் பேருக்கே ஒரு கோயிலு. அப்ப இது ஒழுகரை, வயலும் தோப்புமா இருந்த கிராமம். 1745, நவம்பர் 30, அந்திரேயா திருநாள். மனுசன் ஊரையே கூப்ட்டுட்டாரு.

இதெல்லாம் ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்புல எழுதி வச்சிருக்காரு. மூணாங்கிளாஸ் படிச்ச கெழவனுக்கு எப்பிடித் தெரியும்னு பாக்கறியா? ரிட்டைரான வாத்தியார் ஒருத்தரு இந்தத் திண்ணையில உக்காந்து தெனம் பத்துப் பக்கம் படிச்சிக் காட்டுவாரு. நான் வெத்தல குடுப்பன். ரெண்டு வருசம் ஓடுச்சி. நீ கேட்ட விருந்தோம்பல் அதுலயும் கொஞ்சம் இருக்குது, வேணுன்னா குறிச்சிக்க.

அன்னிக்கி விருந்துக்கு யார் யார் வந்தாங்க? பிராமணரு, வேளாளரு, கோமுட்டி, செட்டி, தட்டாரு, நெசவுக்காரரு, எண்ண ஆட்டறவரு, கிறிஸ்தவங்க, வெள்ளக்காரங்க. கவர்னர் துய்ப்ளேக்ஸ் துரையும் பெண்சாதியும் கவுன்சில்காரங்களக் கூட்டிக்கினு வந்து, சாயங்காலம் வரைக்கும் இருந்தாங்க. கேக்கறதுக்கே நெஞ்சு நெறையுதா? இரு, அடுப்பு எத்தினின்னு கேளு. பிராமணருக்குப் பிராமணரே சமைக்கத் தோட்டத்துலயும் சத்திரத்துலயும் தனி எடம். வேளாளருக்கு வேற எடத்துல ஒல. வெள்ளக்காரங்களுக்கு மேசை போட்டு, சாப்பாட்டப் பட்டணத்துலயே ஆக்கி ஒழுகரைக்குத் தூக்கியாந்தாங்க. பாவம், ஊருக்கே பெரிய தொரைக்கு ஆறிப்போன கறியா பூடுச்சோ என்னமோ! ஒரே விருந்துதான், ஆனா அவங்கவங்க அவங்கவங்க அடுப்புல துன்னுட்டு, பக்கத்து எலையப் பாக்காம எழுந்து வீட்டுக்குப் போனாங்க. கல்யாணச் சத்திரம் பத்து ஒரே வளாகத்துல இருந்தா எப்பிடி இருக்கும், அப்பிடி.

ஆனந்தரங்கப் பிள்ளைக்கு அதுல ஒரு கொறை. கிறிஸ்தவன்னா கிறிஸ்தவ முறைப்படியே, தன் ஆளுங்களையும் வெள்ளக்காரங்களையும் மட்டும் வச்சி நடத்தியிருக்கணும், இது ரெண்டுங்கெட்டானா பூட்டுதுன்னு எழுதறாரு. அவரு சொல்றத அப்பிடியே முழுங்கிடாத, மென்னு பாரு. முதலிக்கு அடுத்தாப்ல அந்தத் துபாஷிப் பதவிக்கு வந்தவரே அவருதான். எதிராளி வீட்டுப் பாயாசத்துல முந்திரி கொறச்சலாத்தான் தெரியும். கனகராய முதலியும் பாவம், விருந்து வச்சி மூணு மாசம் முழுசா ஆகல, 1746 பிப்ரவரியில காலமாயிட்டாரு.

எனக்கு அவரு மேல கோவம் வரலடா. நாலு பேரக் கூப்புடணும்னு நெனச்ச மனசு பெரிய மனசுதான். ஆனா யாருக்கும் மனசு கோணாம விருந்து வைக்கணும்னா, யாரையும் யார் பக்கத்துலயும் உக்கார வைக்கக்கூடாதுன்னு அவரு கண்டுபுடிச்சாரு பாரு, அந்தக் கண்டுபுடிப்பு இன்னும் காலாவதி ஆவல.

அதே 1745, அக்டோபர் மாசம். சம்பா கோயில்ல ஒரு கூத்து. சம்பா நெல்லுக்கும் அந்தக் கோயிலுக்கும் சம்பந்தம் கெடையாது. சின்னப்பருக்கு வெள்ளக்காரன் சொன்ன பேரு நம்ம நாக்குல பொரண்டு சம்பா ஆயிடுச்சி, கப்பூச்சின் சாமியாருங்க கோயிலு கப்ஸ் கோயில் ஆனாப்ல. அந்தக் கோயிலுக்குள்ள ஒரு சொவரு. ஒரு பக்கம் பறையர் சனம், இன்னொரு பக்கம் சாதிக் கிறிஸ்தவங்களும் வெள்ளக்காரங்களும். “நாங்களும் ஒங்க சீசருங்கதானே, எங்களுக்கு மட்டும் எதுக்குச் சொவரு?”ன்னு அந்தச் சனம் சாமியாரப் போய்க் கேட்டுச்சி. அவரு சொவர இடிக்கச் சொல்லிட்டாரு. அவ்ளோதான், சாதிக்காரங்க சண்டைக்குக் கெளம்பிட்டாங்க, கவர்னர் வரைக்கும் பஞ்சாயத்து. 1761ல இங்கிலீஷ்காரன் வந்து அந்தக் கோயிலையே தரைமட்டம் ஆக்கிட்டான். இப்ப மிஷன் வீதியில நிக்கிறது அப்பறம் கட்டுனது, 1791ல முடிஞ்சிது. கோயில் போயி கோயில் வந்துச்சி. அந்தச் சொவரு எங்க போச்சுன்னு கேக்கறியா? அதுக்குத்தான் வர்றன்.

அதுக்கு முன்னால இன்னொண்ணு. போப்பாண்டவர் அனுப்புன தூதரு, துர்னோன்னு பேரு, 1703ல கப்பல்ல வந்து நம்ம ஊர்லதான் எறங்குனாரு. அடுத்த வருசம் இங்கேர்ந்தே ஒரு ஆணை போட்டாரு. அதுல பல விசயம் உண்டு, ஒண்ணு மட்டும் சொல்றன்: பறையர் வீட்ல ஒருத்தன் சாகக் கெடந்தா சாமியாரு அவன் வீட்டுக்குள்ள போயி அவஸ்தை பூசணும், போகமாட்டன்னு சொல்லக்கூடாது. ஏன் அப்பிடி ஒரு ஆணை? படி தாண்டுனா மேல்சாதி சனம் கிட்ட வராதுன்னு அன்னிக்கி சாமியாருங்களுக்கு பயம். வழக்கு ரோமாபுரிக்குப் போயி, 1744ல பதினாலாம் பெனடிக்ட் பாப்பு தீர்ப்புச் சொல்லி முடிச்சாரு. நாப்பது வருசம்டா! சத்திரத்துல சோறு போட ஒரே நாள் போதும். ஒரு குடிசைப் படியத் தாண்ட நாப்பது வருசம்.

நோட்டுல என்னா எழுதற? ‘சாதி பாக்கக்கூடாது’ன்னா? அடிச்சிடு. அத்தப் பேசுனா எல்லாரும் கை தட்டுவாங்க, பப்ஸ் துன்னுவாங்க, பூடுவாங்க.

ஒன் வீட்ல பாத்திரம் கழுவ ஒரு அம்மா வருதே, நெல்லித்தோப்புலேர்ந்து வந்து இப்ப ஒங்க பின்னால சந்துல குடியிருக்குது. ஒங்க அன்பியத்து லிஸ்ட்டுல அதும் பேரும் இருக்குதா இல்லியா? இருக்குது. கோயில்ல நற்கருணை வாங்கறப்ப ஒனக்கு முன்னால நிக்குமா நிக்காதா? நிக்கும். போன மாசம் ஒன் வீட்டுக்கு வந்தப்ப பாத்தன்: சமையக்கட்டு ஜன்னல் மேல தனியா ஒரு எவர்சில்வர் டம்ளர். காப்பி அதுல ஊத்துனாங்க, அந்த அம்மா நின்னுக்கினே குடிச்சிது, கழுவி அங்கயே கவுத்துட்டுது. ஒன் பெண்சாதி நல்ல பொண்ணு, நீயும் நல்லவன்தான், யாரும் கெட்ட எண்ணத்துல பண்ணல. அது அங்க எப்பவும் இருக்குது, அவ்ளோதான். சம்பா கோயில் சொவரத் தேடுனியே, அது ஒங்க மூணாவது மாடி ஜன்னல்ல ஒக்காந்துக்கினு காத்து வாங்குது.

மூஞ்சிய அப்பிடி வச்சிக்காத. நான் மட்டும் என்னா யோக்கியனா? இந்த வீட்ல அறுவடைக்கு வந்த சனத்துக்குக் கொல்லப்பக்கம் எல போட்டவன் நான்தான். ஒங்க ஆயா ஒருக்கா கேட்டா: “கோயில்ல ஒண்ணு, கொல்லையில ரெண்டா?” அப்ப எனக்குச் செவுடு. வயசானதுக்கப்பறம் காது நல்லா கேக்குது.

முன்னெல்லாம் கிறிஸ்மசுக்குப் பக்கத்து வீட்டுக்கு அதிரசம் முறுக்கு தட்டுல வச்சி அனுப்புவோம். அந்தத் தட்டு வெறுமனே திரும்பாது. சக்கரையோ, ரெண்டு வாழப்பழமோ, ஒண்ணுமில்லன்னா கொல்லையில பூத்த பூவோ வச்சித்தான் வரும். தீவாளிக்கு அவங்க தட்டு நம்ம வீட்டுக்கு. எந்தத் தட்டு யாருதுன்னு கொழம்பி, வருசம் பூரா ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் நடந்துக்கினே இருந்தோம். இப்ப துன்னுட்டுத் தூக்கிப் போடற டப்பா வந்துடுச்சி. குடுக்கறதும் சுலபம், மறக்கறதும் சுலபம்.

வேதாகமத்துல ஒரு வேடிக்க பாத்தியா நைனா? சேசுநாதருக்குச் சொந்தமா ஒரு வீடு கெடையாது, தல சாய்க்க எடம் இல்ல. அவரு விருந்து வச்சதவிட விருந்துக்குப் போனதுதான் அதிகம். சக்கேயு மரத்து மேல ஒக்காந்துக்கினு வேடிக்க பாத்தான், இவரே “எறங்கி வா, இன்னிக்கி ஒன் வீட்லதான்”னுட்டாரு. கூப்புடாமலே போனவரு! ஊரே மொணமொணன்னுச்சி. வரி வசூல் பண்றவன் வீட்ல கைய நனச்சா மொணமொணக்காதா? நாம எல்லாம் மார்த்தா பரம்பர, ஏனம் உருட்டறதுலயே விருந்து முடிஞ்சிடுது. சோறு போடறவன் கை எப்பவும் மேல, நைனா. வாங்கித் துன்றதுக்குத்தான் கை கீழ எறங்கணும். ஒன் வீட்டுக்கு வந்தவங்கள எண்ணாத. நீ யார் யார் வீட்ல தரையில ஒக்காந்து, அவங்க ஊத்துன கொழம்ப மறுபடி கேட்டு வாங்கித் துன்ன? வெரல மடக்கு பாப்போம். ஒரு கை போதுமா? கட்ட வெரலே மடங்கல.

சரி, எழுந்திரிக்காத, முக்கியமான சங்கதியே இன்னும் சொல்லல. கூட்டம் ஒன் வீட்ல இல்ல. நான் காலையில சாமியாரப் பாத்தன், அப்பிடியே அந்த அம்மாவையும் பாத்துப் பேசிட்டன். “எங்க வீட்லயா!”ன்னு மொதல்ல பயந்துச்சி, அப்பறம் “நெத்திலிக் கொழம்பு வைக்கறன், பரவால்லியா?”ன்னு கேட்டுது. பரவால்லியாவா? எனக்கு இப்பவே பசிக்குது. முப்பது பேரு ஒரே ரூம்புல ஆகாது, பாதிப் பேரு சந்துல பாய் போட்டு ஒக்காந்துக்கலாம். பப்ஸ கொண்டாந்துடு, சின்னப் பசங்க துன்னட்டும். பீங்கான் தட்டு வேணாம், ஒடஞ்சா அதுக்கு மனசு கஷ்டப்படும்.

டம்ளருதான் ஒண்ணு கொறையுதாம். ஒன் ஜன்னல் மேல இருக்குதே, அத்த மறக்காம எடுத்துக்கினு வா. காப்பி ஒனக்கு அதுலதான்.