அண்ணன் சட்டைக் கோட்பாடு: ஜொகூரில் காசில்லாமல் உடுத்துவது குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

கடைப்படி ஏறாமல், கைக்காசு செலவழிக்காமல் ஒருவன் எத்தனை ஆண்டுகள் மானத்தோடு உடுத்தித் திரிய முடியும்? இதற்கு விடை தேடி இவ்வாய்வாளன் பதினாறு வயது வரை தன் உடம்பையே களமாக ஒப்படைத்தான். மூன்று அண்ணன்களுக்குப் பிறகு பிறந்தது இதற்கென்றே வாய்த்த தகுதி. கள எல்லை: மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், மாசாயில் ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு; பள்ளி விடுமுறைகளில் கூலாய்ப் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் பாட்டி வீடு.

2. முன்னோர் கண்டவை

பொருநராற்றுப்படையில் கரிகாலனைக் காணப் போன பொருநன் ஈரும் பேனும் குடியிருந்த ஒட்டுத்துணியில் போகிறான். பாம்புரி போன்ற மெல்லிய புத்தாடையில் திரும்புகிறான். கழற்றிய கந்தை யாருக்குப் போயிற்று என்பதைப் புலவர் சொல்லவில்லை. பொருநனுக்கு ஒரு தம்பி இருந்திருந்தால் இலக்கிய வரலாறு வேறாக இருந்திருக்கும்.

அடுத்த சான்று, மயிலுக்குப் போர்வை தந்த பேகன். பெறுநரிடம் அளவு கேட்கப்படவில்லை. தேவையா என்றும் கேட்கப்படவில்லை. பெறுநர் அதைப் போர்த்திக்கொண்டதா என்பதற்கும் பதிவு இல்லை. பேகன் மரபு இன்றும் தழைத்திருக்கிறது. 2023 மார்ச் வெள்ளத்தில் பத்து பகாட், சிகாமட் பக்கத்து மக்கள் வீடிழந்து நின்றபோது, துணி மூட்டை பிரிக்க உட்கார்ந்தவர்களில் இவ்வாய்வாளனும் ஒருவன். முதல் மூட்டையில் கைக்கு வந்தது முழங்கால்வரை நீண்ட ஒரு கம்பளிக் கோட்டு. ஆசியப் பெருநிலத்தின் தென்கோடியான தஞ்சோங் பியாய் இந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. நிலநடுக்கோடு கூப்பிடு தூரம். கொடுத்தவர் கையில் ஈரம் இருந்தது. கண்ணில் வரைபடம் இல்லை.

3. கலைச்சொல் விளக்கம்

மலேசியத் தமிழர் பேச்சில் 'பழந்துணி'க்கு வேறொரு பெயர் உண்டு. ஜப்பானிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் கட்டுக்கட்டாக வந்து இறங்குவதால் அதற்குப் பெயர் 'பண்டல்'. ஜொகூர் பாருவின் இரவுச் சந்தையான பாசார் காராட்டில் பண்டல் சட்டையைத் தாராளமாகப் பார்க்கலாம். 'காராட்' என்றால் மலாயில் துரு. ஆனால் அங்கே பேரம் பேசிய பிறகும் ஐந்து வெள்ளி (ரிங்கிட்) கேட்டார்கள். எனவே அச்சந்தை இவ்வாய்வின் வரம்புக்குள் வரவில்லை.

காசு கொடுத்தால் பண்டல். கொடுக்காவிட்டால் 'அண்ணன் சட்டை'. கொடுப்பவர் அண்ணனாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

4. ஊற்றுகள்

அ. இரத்த உறவு: ஆன்மா நைந்த உடலைக் கழற்றிவிட்டுப் புதியதை ஏற்கிறது என்பது கீதையின் கருத்து. மாசாயில் இது தலைகீழ். சட்டை நிலையானது, உடல்கள்தாம் வளர்ந்து வளர்ந்து கழன்றுபோகும். நாடு முழுக்க ஒரே மாதிரியான பள்ளிச் சீருடை இதற்குப் பேருதவி. ஆய்வாளனின் வெள்ளைச் சட்டையில் காலருக்கு உட்புறம் மார்க்கர் பேனாவால் எழுதிய பெயர்கள் வரிசையாக இருந்தன: முதல் இரண்டும் அடிக்கப்பட்டவை, மூன்றாவது சலவையில் பாதி கரைந்தது, நான்காவது இவன். அரசர்களுக்குக் கல்லில் வெட்டிய மெய்க்கீர்த்தியை எங்களுக்கு அம்மா துணியில் எழுதினாள்.

இப்பரம்பரைகளுக்கும் வீழ்ச்சி உண்டு. 2018-இல் கல்வியமைச்சர் மஸ்லீ மாலிக், பள்ளிக் காலணி இனி வெள்ளையிலிருந்து கறுப்புக்கு மாறும் என்று அறிவித்தார். அழுக்கு தெரியாது என்று தாய்மார்கள் மகிழ்ந்தார்கள். தம்பிக்கென்று அலமாரி மேல் காத்திருந்த வெள்ளைக் காலணிகளின் வம்சம் அத்தோடு அற்றுப்போனதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

ஆ. பாலம்: 1924-இல் திறக்கப்பட்ட ஜொகூர்ப் பாலம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். அதன் வழியாகச் சித்தப்பா தினமும் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் வேலைக்குப் போய் வந்தார். போகும்போது சோற்று டப்பா. வரும்போது சில நாள் டப்பாவோடு ஒரு பை, பையில் முதலாளி வீட்டுப் பிள்ளைகளின் டீ-சட்டைகள். ஓர் ஆகஸ்ட் 31 அன்று மலேசியச் சுதந்திர நாள் ஊர்வலத்தை ஆய்வாளன் சாலையோரம் நின்று கொடியசைத்துப் பார்த்தான். அவன் அணிந்திருந்தது ஆகஸ்ட் 9-ஐக் கொண்டாடும் சிங்கப்பூர்ச் சட்டை. நாட்டுப்பற்றில் குறையில்லை, மாற்றுச் சட்டை காயவில்லை.

இ. மக்களாட்சி: ஜொகூர்வாசிகளுக்கு 2022 நல்ல விளைச்சல் ஆண்டு. மார்ச் 12-இல் மாநிலத் தேர்தல், நவம்பர் 19-இல் பொதுத் தேர்தல். தேர்தலில் இலவசமாகக் கிடைக்கும் கட்சிச் சட்டைகளின் ஆயுள் அவற்றில் அச்சிட்ட வாக்குறுதியைவிட நீளம். தோற்றவர் சட்டை முதலில் மோட்டார் சைக்கிள் துடைக்க இறங்கும். வென்றவர் சட்டை அடுத்த ஆண்டு இறங்கும்.

5. இலவசத்தின் விலை

ஒரு பருத்தி டீ-சட்டைக்கு ஏறக்குறைய 2,700 லிட்டர் நீர் செலவாகிறது என்பது உலக வனவிலங்கு நிதியம் சொல்லும் கணக்கு. நான்கு பேர் அடுத்தடுத்து உடுத்தினால் தலைக்கு 675 லிட்டர். பூமிக்கு மொத்த மிச்சம் 8,100 லிட்டர். பிறர் உடுத்தியது என்பதற்காக அம்மா அதை வெந்நீரில் ஒருமுறை, உப்பு நீரில் ஒருமுறை, மனசு கேட்காமல் இன்னொருமுறை அலசியது இக்கணக்கில் சேராது.

வேறொரு கட்டணமும் உண்டு. அது சொல்லால் வசூலாவது. கல்யாண வீட்டில் பந்தி நடுவே அத்தை குரல் கேட்கும்: "இது பெரியவன் போட்ட சட்டைதானே? அவனுக்கு எடுப்பா இருந்துச்சு!" மூன்று கல்யாணத்தில் இதைக் கேட்டவன் அந்தச் சட்டைக்கு முழு விலையும் கொடுத்துத் தீர்த்தவன் ஆகிறான். வீணாவது குறையும், காசு மிஞ்சும் என்று தெரிந்தும் கடைக்கு ஓடுகிறவர்கள் உண்மையில் துணி வாங்கப் போகவில்லை. அத்தையிடமிருந்து விடுதலை வாங்கப் போகிறார்கள்.

6. முடிவு: 'புதிது' என்பதன் இலக்கணம்

ரிங்கிட்டை அமெரிக்க டாலருக்கு 3.80 என்று கட்டிப்போட்ட 1998-ஆம் ஆண்டு. அப்பாவுக்கு வேலை போயிருந்தது. தீபாவளிக்குப் பக்கத்து வீட்டு அக்கா தன் மகனுக்குச் சிறுத்துப்போன கருஞ்சிவப்புச் சட்டை ஒன்றைக் கொடுத்தார். அம்மா அதைத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி பிடித்து, காலருக்குள் அட்டை வைத்து, குண்டூசி குத்தி, எங்கோ பத்திரப்படுத்தியிருந்த பிளாஸ்டிக் உறையில் போட்டு சாமி மேடையில் வைத்தாள். எண்ணெய் தேய்த்துக் குளித்து வந்த ஆய்வாளன் முதலில் சட்டைப் பையைத்தான் சோதித்தான். யாரோ பார்த்த படத்தின் பாதி டிக்கெட் கிடைத்தது.

"பாட்டி, இது பழசு."

பாட்டி டிக்கெட்டை வாங்கி விளக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். மஞ்சளைக் குழைத்துக் காலர் மூலையில் தொட்டு வைத்தாள்.

"மஞ்ச இன்னும் காயல. எப்படிடா பழசாகும்? போடு."

இந்த முடிவுக்கு எதிர்வாதம் எதுவும் இதுவரை ஆய்வாளனுக்குக் கிட்டவில்லை. அந்தச் சட்டை அதற்குப் பிறகு சித்தப்பா மகனுக்குப் போயிற்று. மறு தீபாவளிக்குப் பாட்டி அதற்கு இன்னொரு பொட்டு வைத்தாள்.