தட்டிப் பார்க்கும் அண்ணர்

ஜனவரி பிறந்தால் ஸ்காபரோ கராஜ்களில் கார்க் கதவு கழற்றும் காலம். ஜூலை முழுக்க அதே கார் வெயிலில் சும்மாதான் நின்றது. அப்போது கல்யாணம், அரங்கேற்றம், பார்பிக்யூ என்று அண்ணருக்கு நேரமில்லை. வின்டர் டயர் பூட்டி, அது இரையத் தொடங்கிய பிறகுதான் காதே திறக்கிறது.

போன சனிக்கிழமையும் எதிர்வீட்டு அண்ணர் தொடங்கினார். ஹீட்டர் இல்லாத கராஜ். "தம்பி, ஒருக்கா இந்த லைட்டைப் பிடியுங்கோ." தம்பிக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. விரல் இன்னும் விறைப்பு விடவில்லை.

சத்தத்தை அடக்கக் கதவுக்குள் ஒட்டப்போவது ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் தடிப்பில் பியூட்டைல் ரப்பர், அதன் முதுகில் அலுமினியத் தகடு. கதவுத் தகரம் அதிரும்போது இடையில் இழுபடும் ரப்பர் அந்த அதிர்வை வெப்பமாக்கித் தின்றுவிடும். அதற்கு முதலில் அது தகரத்தோடு ஒட்ட வேண்டுமே! குளிரில் பியூட்டைல் விறைத்துவிடும். ஒட்டியதுபோல் பாவனை செய்து, ஓரத்தில் மெல்ல எழும்பும். குளிர்ந்த தகரத்தில் மூச்சுப் பட்டாலே ஈரம் படியும்.

பழைய காரில் கம்பெனி ஒட்டிய தார்த் தாளைப் பெயர்க்க ரேஸ்காரர்கள் உலர்பனியைக் கொட்டுவார்கள். அதன் குளிர் -78.5 பாகை செல்சியஸ். விறைத்த தாள் சுத்தியல் பட்டதும் சில்லுச் சில்லாய்க் கழன்று வரும். ஆக, கழற்றத் தோதான பருவம் பார்த்து நம்மவர்கள் ஒட்டுகிறார்கள்.

இனி இந்தத் தட்டல்.

ஒரு துண்டு ஒட்டியதும் அண்ணர் முட்டியால் தட்டினார். ஒட்டாத கதவு 'டங்'. ஒட்டிய கதவு 'டொக்'. "கேட்டியளோ?" கேட்டது. மறுபடி டங். மறுபடி டொக். அண்ணியைக் கூப்பிட்டு ஒரு டொக். கராஜ் ஃப்ரிட்ஜுக்கு ஒன்று. அது 'டம்' என்றது, அவருக்குத் திருப்தியில்லை. அண்ணியின் காரைத் தட்டிவிட்டு, சந்தையில் பானை வாங்குபவர்போல் உதட்டைப் பிதுக்கினார். ஞாயிற்றுக்கிழமை பிறந்தநாள் விழா நடந்த மண்டபத்தின் பார்க்கிங்கில், முன்பின் தெரியாத ஒருவரின் காம்ரியைத் தட்டினார். அலாரம் அலறியது. "பாத்தியளோ, வெறும் தகரம்!" வந்தவர் போனவரெல்லாம் இப்போது அந்தக் கதவில் முட்டியை வைக்கிறார்கள். தட்டிவிட்டு, வைத்தியர்போல் தலையை வேறு ஆட்டுகிறார்கள்.

நெடுஞ்சாலை 401இல் போகும்போது கதவை யார் முட்டியால் தட்டுகிறார்கள்? அங்கே கேட்பது டயர் இரைச்சலும் கண்ணாடி வழியே வரும் காற்றும். அதை மறிக்கப் பாரமான வினைல் விரிப்பும் ஃபோமும் வேண்டும். 'டங்'கை அடக்கத் தகரத்தில் கால்வாசி ஒட்டினாலே போதும். அண்ணர் முழுக்க ஒட்டினார். கதவடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகளையும் மூடப் போனவரைத் தடுக்க வேண்டியிருந்தது.

குளிரில் மொறுமொறுத்த பிளாஸ்டிக் கிளிப்புகளில் பாதி, கழற்றும்போதே முறிந்தன. உள்பலகை இப்போது கிடுகிடுக்கிறது. அதற்கும் ஒரு தாள் இருக்கிறதாம். ஆர்டர் போட்டுவிட்டார், பெப்ரவரியில் வந்துவிடுமாம்.