ரெண்டு இன்ச்சா, ஆறு இன்ச்சா?

ராலே, நார்த் கரோலினா

அன்புள்ள மாமாவுக்கு,

போட்டோவைப் பார்த்துட்டு, "முன்னாடி ஸ்ப்ரிங் பட்டை உடைஞ்சிருச்சா மாப்ள, வண்டி குனிஞ்சு நிக்குதே"ன்னு கேட்டிருந்தீங்க. உடையலைங்க மாமா. இந்த ஃபோர்டு எஃப்-150 கம்பெனியில இருந்தே இப்படித்தான் வருது. லோடு ஏத்தினா பின்பக்கம் அமுங்கும், அப்போ சமமா நிக்கட்டும்னு முதல்லயே பின்னாடியைத் தூக்கி வெச்சிருக்கான். நாமக்கல்ல பாடி கட்டுற உங்களுக்கு நான் சொல்லணுமா? ஆனா நான் ஏத்துறது ரெண்டு பை அரிசி, ஒரு பெட்டி மாம்பழம். அதுக்கு எந்தப் பட்டை அமுங்கும்?

சரி, மூக்கைத் தூக்கிடலாம்னு விசாரிச்சேன். லெவலிங் கிட்டுன்னா முன் ஸ்ட்ரட்டு மண்டையில ஒரு வில்லையை வெச்சு முடுக்கி, அலைன்மென்ட் பார்த்துட்டாப் போதும், ரெண்டு இன்ச் ஏறிடும். சாமான் சில நூறு டாலருக்குள்ள. சஸ்பென்ஷன் லிஃப்ட்டுன்னா கன்ட்ரோல் ஆர்ம், நக்கிள், ஷாக் எல்லாம் மாறும். பின்னாடி ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவுல கட்டை வேற. ஆறு இன்ச் எழும்பும், செலவும் ஆயிரக்கணக்குல எழும்பும். இங்கே கூலி மணிக்கணக்கு மாமா, ஒரு மணி நேரக் கூலியில நம்ம பட்டறைக்கே பிரியாணி வாங்கிடலாம்.

இதுல சர்க்கார் வேற. இங்கத்துப் பசங்க முன்னாடியைத் தூக்கி, பின்னாடியை அமுக்கி, நாய் குந்தின மாதிரி வண்டி ஓட்டுவாங்க. 'கரோலினா ஸ்குவாட்'னு பேரு. ஓட்டுறவனுக்கு ரோடு தெரியாது, மேகம்தான் தெரியும். 2021 டிசம்பர் 1-லிருந்து அதுக்குத் தடை. சஸ்பென்ஷனைத் திருத்தி, முன் மட்கார்டு பின் மட்கார்டை விட நாலு இன்ச்சோ அதுக்கு மேலயோ உயரமா நின்னா குத்தம். சக்கரத்து மையத்துக்கு நேரா, தரையிலிருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் டேப் பிடிக்கணும்.

ரெண்டு இன்ச் ஏத்தினா சமமாத்தான் நிக்கும், நமக்கு வம்பில்லை. இருந்தாலும் மனசு கேக்குதா? உங்க பொண்ணு தோட்டத்துக்குக் கேட்ட மல்ச் மூட்டைகளை ஏத்திட்டு, கடை வாசல்லயே குத்தவெச்சு டேப்பை விரிச்சேன். சட்டத்துல லோடைப் பத்திப் பேச்சே இல்லை, தெரியும். ஆனா பதினொண்ணாவது மூட்டையில போலீஸ்காரன் வந்து பிடிச்சுட்டான்னா? ஒரு பாட்டியம்மா நின்னு, "வண்டி விலைக்கா?"ன்னு கேட்டாங்க. உங்க பொண்ணு டேப்பைப் பிடுங்கிட்டுப் போனவதான், இப்போ அது கறிவேப்பிலைச் செடியை அளக்குது.

உள்ளதைச் சொன்னா ஆசை ஆறு இன்ச் மேலதான். சிக்னல்ல நிக்கும்போது பக்கத்து வண்டிக்காரன் குனிஞ்சுதான் என்னைப் பார்க்கிறான். ஆனா இப்பவே வண்டி ஆறேகால் அடிக்கு மேல, கராஜ் கதவு ஏழடி. லிஃப்ட்டோட 35 இன்ச் டயரும் மாட்டினா வண்டி வெளியே, நான் உள்ளே. டயர் பெருத்தா ஸ்பீடோமீட்டர் குறைச்சுக் காட்டுமாம், போலீஸ்காரன் மிஷின் குறைச்சுக் காட்டாது. எல்லாத்துக்கும் மேல, மே மாசம் அத்தை வர்றாங்க. டவுன் பஸ் படிக்கே முட்டியைப் பிடிச்சுக்கிறவங்களை இதுல எப்படி ஏத்துறது? அதனால லெவலிங் கிட்டே போதும்னு முடிவு.

ஒண்ணு மட்டும் பழகவே மாட்டேங்குது மாமா. திருச்செங்கோடு ரோட்டுல வண்டி காலியாப் போனா, "பாவம், லோடு கிடைக்கலை"ம்பீங்க. இங்கே ஊரே காலி வண்டிதான், அதுவும் பளபளன்னு.

அந்த வில்லை ரெண்டை நம்ம லேத்துல கடைஞ்சு அத்தை பெட்டியில வெச்சு அனுப்ப முடியுமா? அளவு தனியா அனுப்புறேன். கஸ்டம்ஸ்ல கேட்டா முறுக்கு அச்சுன்னு மட்டும் சொல்ல வேண்டாம்னு அத்தைகிட்ட சொல்லி வைங்க.

இப்படிக்கு,
உங்க மாப்பிள்ளை