ஹார்டு டிஸ்க் பரோபகாரி

மின்சாரம் போய், போன வேகத்திலேயே திரும்பி வந்து, விளக்குகளெல்லாம் ஒரு கணம் கண்ணைப் பறிக்கும்படி ஜொலித்து, அதன்பின் கம்ப்யூட்டர் மாத்திரம் பிரக்ஞையற்றுக் கிடக்கிறது என்ற சமாசாரம் குடியிருப்பில் பரவிய சிறிது நேரத்துக்கெல்லாம், அழைப்பு ஏதும் இன்றியே, சட்டைப்பையில் ஸ்குரூ டிரைவரும் முகத்தில் அனுதாபமும் துலங்க வந்து நிற்கும் மகானுபாவரை வாசகர்கள் அறிந்திருக்கக்கூடும். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், கூலி வாங்கமாட்டார், காபி மாத்திரம், அதுவும் சர்க்கரை குறைத்து.

டிஸ்கைக் காதருகே வைத்துக் கேட்பார். சத்தமில்லையென்றால் உதட்டைப் பிதுக்குவார். டிக் டிக்கென்றால், “பயப்படாதீங்கோ, உயிர் இருக்கு” என்று அபயம் அளிப்பார். சாஸ்திரமோ நேர்மாறு. கம்ப்யூட்டருக்கு மின்சாரம் பகிர்ந்தளிக்கும் எஸ்.எம்.பி.எஸ். கெட்டு, 5 வோல்ட், 12 வோல்ட் வழிகளில் மிகையாய் மின்சாரம் பாயும்போது, டிஸ்கின் அடியிலுள்ள போர்டில் டி.வி.எஸ். டையோடு என்னும் சின்னஞ்சிறு காவலாளி தானே ஷார்ட் ஆகிப் பிராணத்தியாகம் செய்துவிடுவதால், மோட்டார் சுழலாமல் மௌனம் நிலவுமே தவிர, தட்டுகளில் எழுதியவை பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். விஷயம் தெரிந்தவர் மல்டிமீட்டரால் சோதித்து, அந்த டையோடை அகற்றி, நல்ல சப்ளையில் மாட்டி, டிஸ்க் சுழன்றதும் முதல் காரியமாகச் சகலத்தையும் வேறொன்றில் பிரதி எடுத்துவிடுவார்.

அவ்வளவு சுலபமாக முடியும் காரியத்தில் நம்மவருக்கு ருசி கிடையாது. தம் பரணிலிருந்து அதே மாடல் டிஸ்க் ஒன்றைக் கொணர்ந்து, அதன் போர்டைக் கழற்றி இதில் பூட்டுவார். பழைய காலத்து டிஸ்குகளில் அது பலித்ததும் உண்டு. இப்போதோ ஒவ்வொரு டிஸ்குக்கும் தொழிற்சாலையிலேயே தனித்தனியாகக் குறித்த அளவுகள் பெரும்பாலும் போர்டிலுள்ள எட்டுக்கால் ரோம் சிப்பில் இருப்பதால், அதையும் பெயர்த்து ஒட்டினாலன்றி, தட்டுகளைப் படிக்கும் ஹெட்டுகள் திக்குத் தெரியாமல் அடித்துக்கொள்ளும். அந்த டிக் டிக்கைக் கேட்டுத்தான் அவருக்குப் புளகாங்கிதம் உண்டாகும்.

“ஏம்மா, ஃப்ரீசரில் கொஞ்சம் இடம் இருக்குமா?” என்பது அடுத்த கட்டம். பச்சைப் பட்டாணிக்குப் பக்கத்தில் ஓர் இரவு சயனித்து, ஈரம் பூத்து வெளிவரும் டிஸ்கை, மயிரிழையின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியில் ஹெட்டு மிதக்கும் அந்த அதிசூட்சும யந்திரத்தை, அடுக்களையில் கடுகு வெடித்துக்கொண்டிருக்கும் சுபமுகூர்த்தத்தில் மூடி திறந்து, வாயால் ஊதித் தூசி துடைப்பார்.

பிறகு சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைவீதியான ரிச்சி தெரு. அங்குள்ள இளைஞன் தட்டின் மேலிருக்கும் கட்டைவிரல் ரேகையை நெடுநேரம் பார்த்துவிட்டு, “யார் சார் திறந்தது?” என்று கேட்கும்போது, குடும்பமே தாட்சண்யத்தினால் மௌனம் சாதிக்கும்.

ஆகையால், உங்கள் வீட்டு டிஸ்க் என்றாவது பேச்சற்றுப் போனால், மறுபடி மறுபடி ஸ்விட்சைப் போட்டுப் பார்க்காமல் வயரைப் பிடுங்கிவிடுங்கள். செய்தி எதிர்வீட்டுக்கு எட்டாதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள்.