போவதற்குக் கால், வருவதற்குப் பஸ்

நடப்பதில் நம் ஆட்கள் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. ஆனால் எல்லாம் ஒருவழிப் பாதை. புரட்டாசியில் மஞ்சள் வேட்டி கட்டி, பாதமெல்லாம் கொப்புளமாக, ‘கோவிந்தா’ போட்டபடி திருப்பதிக்கு நடக்கிற அதே மனிதரைத் தரிசனம் முடிந்த பிறகு பஸ் ஸ்டாண்டில் பார்க்க வேண்டும். வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு உள்ளே போய் விழும். அந்த சீட்டை ஏழுமலையானே வந்து கேட்டாலும் கிடைக்காது. பெருமாளைப் பார்க்கத் துடித்த கால்களுக்கு, பெண்டாட்டி பிள்ளைகளைப் பார்க்க வருவதில் அத்தனை வேகம் இல்லை.

விலக்கு உண்டு. தைப்பூசத்துக்குக் காவடியோடு பழனிக்கு நடக்கிற செட்டிநாட்டு நகரத்தார், காவடியோடு நடந்தேதான் ஊருக்கும் திரும்புகிறார்கள். கணக்குப் பார்த்து வாழ்கிறவர்கள்; வரவையும் செலவையும் மட்டுமல்ல, போனதையும் வந்ததையும்கூட நேர் செய்துவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு பித்துக் கூட்டம் இருக்கிறது. அப்பலேச்சியன் பாதை என்று ஒன்று. ஜார்ஜியாவில் ஆரம்பித்து மெய்ன் மாநிலத்தில் முடியும். வழியில் 14 மாநிலங்கள், மொத்தம் ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். இரண்டாம் உலகப் போரில் இருந்து திரும்பிய ஏர்ல் ஷாஃபர் என்பவர் 1948இல் இதைத் தெற்கிலிருந்து வடக்கே 124 நாளில் நடந்து முடித்துப் பெயர் வாங்கினார். வாங்கிய பெயரோடு சும்மா இருந்திருக்கலாம். 1965இல் மறுபடி கிளம்பி, வடக்கிலிருந்து தெற்கே 99 நாளில் நடந்தார். இரு திசையிலும் அந்தப் பாதையை முடித்த முதல் ஆள் அவர்தான். போனதற்கும் வந்ததற்கும் நடுவில் 17 ஆண்டு. எங்கள் வீடாக இருந்தால், பால் பாக்கெட் வாங்கப் போய்க் காணாமல் போனவர் கணக்கில் எப்போதோ எழுதிவிட்டிருப்பார்கள்.

ஓசூர்க்காரனான எனக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. ராமநாயக்கன் ஏரியைக் காலையில் சுற்றுகிற எங்கள் வாக்கிங் கோஷ்டியைச் சொல்லவில்லை. அவர்கள் ஒரே திசையில்தான் சுற்றுவார்கள். எதிர்ப்பக்கமாக யாராவது வந்துவிட்டால் முறைப்பார்கள். நான் சொல்வது வருஷா வருஷம் கர்நாடகத்தின் பன்னேருகட்டாவிலிருந்து கிளம்பி எங்கள் ஊர்ப் பக்கம் வந்து, அதே வழியில் திரும்பிப் போகிறவர்களை. செருப்புக்கூட இல்லாமல்.

அக்டோபர், நவம்பரில் ராகி கதிர் முற்றும் வாசனை காட்டுக்குள் போனதும் யானைகள் புறப்படும். ஜவளகிரியில் தமிழ்நாட்டுக்குள் கால் வைக்கும். தளி, நொகனூர், ஊடேதுர்க்கம் என்று காட்டை விட்டுக் காடு தாண்டிச் சானமாவுக்கு வந்து சேரும். சில கூட்டங்களுக்கு அதுவும் போதாது. பேரண்டப்பள்ளி பக்கம் தேசிய நெடுஞ்சாலையைக் கடந்து சூளகிரி, வேப்பனப்பள்ளி, மகாராஜகடை என்று போய்க்கொண்டே இருக்கும். 1980களில் இப்படிப் போனவை ஆந்திராவின் சித்தூர் காட்டுக்குள் நுழைந்தன. யானையே இல்லாதிருந்த காடு அது. பல அங்கேயே தங்கிவிட, 1990இல் அவற்றுக்காகக் கவுண்டின்யா சரணாலயம் அறிவிக்கப்பட்டது. திரும்பி வராதவர்களுக்கு இடம் ஒதுக்குவது அரசியலில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

இந்த எல்லையில் மனிதன் படும் பாட்டை நினைத்தால் யானை மேல் பொறாமைதான் வரும். கர்நாடகத்தில் பந்த் என்றால் நம் பஸ்கள் ஜூஜூவாடியோடு நின்றுவிடும். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அத்திப்பள்ளி வரை நடக்க வேண்டும். 2020 ஊரடங்கில் பெங்களூரில் இருந்த மகனைப் பார்க்கவும் இ-பாஸ் கேட்டார்கள். யானையை யாரும் எதுவும் கேட்கவில்லை. நடுவர் மன்றமும் மேலாண்மை ஆணையமும் இல்லாமல் கர்நாடகத்திலிருந்து வருஷம் தவறாமல் நமக்கு வந்து சேர்வது இவை மட்டும்தான்.

வழியில் இருப்பதும் லேசுப்பட்ட ஊர் அல்ல. மொபெட், லாரி, கைக்கடிகாரம் என்று நாட்டுக்கே செய்து அனுப்பும் ஊர். பகலெல்லாம் தைல மரக்காட்டுக்குள் நிற்கிற கூட்டம், இருட்டினதும் ராகிக் கொல்லைக்கு இறங்கும். விடிவதற்குள் காட்டுக்குள் ஏறும். அந்த நேரத்தில் பைக்கில் வருகிறவர்கள் சிப்காட்டில் சி ஷிஃப்ட் பார்க்கிறவர்கள்தான். எங்கள் கம்பெனியில் ஒரு தம்பி, ‘யானை ரோட்டில் நிற்குது சார், லேட் ஆகும்’ என்று போன் செய்தால் சூப்பர்வைசர் நம்புவதில்லை. போட்டோ அனுப்பச் சொல்கிறார். யானையை ஃபிளாஷ் போட்டு எடுத்து அனுப்புவதற்கு அரை நாள் லீவு போவதே மேல்.

கூட்டம் என்றால் பாட்டி, அம்மா, குட்டி என்று குடும்பமாகத்தான் வரும் என்று படித்திருப்போம். எங்கள் பக்கம் இளவட்ட ஆண் யானைகள் தனியாகச் செட்டு சேர்ந்தும் திரிகின்றன. கர்நாடக, தமிழ்நாட்டு எல்லைப் பகுதியில் இதைக் கவனித்த ஆய்வாளர்கள் 2019இல் கட்டுரையே எழுதினார்கள்: காடு குறைந்து வயலும் ஊரும் பெருகிய இடத்தில், அனுபவம் இல்லாத ஆண்கள் கூட்டாக இருந்து பிழைக்கப் பழகுகின்றனவாம். சிப்காட்டைச் சுற்றி ஒரு ரூமுக்கு ஆறு பேர் என்று தங்கியிருக்கும் டிப்ளமோ பையன்களும் வேறென்ன செய்கிறார்கள்? சாப்பாட்டுக்கு யார் கடையில் கை வைப்பது என்று கூடிப் பேசித்தான் அவர்களும் முடிவெடுக்கிறார்கள்.

2024 அக்டோபரில் வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 மலையேற்றப் பாதைகளை ஆன்லைனில் திறந்துவிட்டது. முன்பதிவு, கட்டணம், கூட வர வழிகாட்டி எல்லாம் உண்டு. யானைக்கு இதில் எதுவும் கிடையாது. ஆனால் மரியாதை அதற்குத்தான் கூடுதல். ஜனவரி, பிப்ரவரியில் திரும்பும் காலம் வந்தால் வனத்துறை ஆட்கள் டார்ச்சும் பட்டாசுமாகக் கூடவே நடப்பார்கள். சானமாவு, பீர்ஜேப்பள்ளி, ராமாபுரம், ஆழியாளம் பக்கமெல்லாம் ஆடு மாடு மேய்க்கக் காட்டுக்குள் போக வேண்டாம் என்று எச்சரிக்கை வரும். நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளை இரண்டு பக்கமும் நிறுத்தி வழி விடுவார்கள். ஜவளகிரி தாண்டி அனுப்பிவிட்டால் நம் பக்கம் வேலை முடிந்தது. அந்தப் பக்கத்தில் யாராவது ஆரத்தித் தட்டோடு காத்திருப்பதாகக் கேள்விப்படவில்லை.

சில நேரம் முதல் நாள் ராத்திரி பூரா நடக்கவைத்துத் தேன்கனிக்கோட்டைக் காடு வரை கொண்டுபோய் விட்டுவந்த கூட்டம், மறுநாளே சானமாவில் நிற்கும். ஷாஃபருக்கு 17 வருஷம் பிடித்தது!

இவ்வளவு எழுதினாலும் சிரிக்க முடியாத பக்கம் ஒன்று உண்டு. விடியற்காலையில் கொல்லைக்குப் போன மனிதர் திரும்பாமல் போன வீடுகள் இந்தக் கிராமங்களில் இருக்கின்றன. மின்வேலியிலும் லாரியிலும் அடிபட்டுத் திரும்பாத யானைகளும் இருக்கின்றன. 2014இல் காவிரி வடக்கு, 2022இல் காவிரி தெற்கு என்று இரண்டு சரணாலயங்கள் அறிவித்தாயிற்று. யானை அறிவிப்பைப் படித்துவிட்டு நடப்பதில்லை. பாட்டி போன வழியில் நடக்கிறது. அந்த வழியில் இப்போது லேஅவுட் கல் நட்டிருக்கிறது.

ராயக்கோட்டை ரோட்டில் ஒரு டீக்கடை. மார்ச் மாதம். சானமாவுப் பக்கத்து விவசாயி ஒருவர், பெரியவர், பன்னை டீயில் நனைத்தபடி உட்கார்ந்திருந்தார். முழங்கால் வரை சேறு. அந்த வருஷம் இரண்டு ஏக்கர் ராகியில் பாதி போனது. அதற்கு நஷ்டஈட்டு மனு ஒன்று மடித்து சட்டைப் பையில் இருந்தது.

“யானையெல்லாம் போயிடுச்சாங்க பெரியவரே?” என்றேன்.

“போயிடுச்சு சார். கூலி ஆளுங்க அட்வான்ஸ் வாங்கிட்டு டிமிக்கி குடுக்கறாங்க. இதுங்க ஒரு வருஷம்கூட அறுப்புக்கு வராம இருந்ததில்ல.”

“பேசாம ராகியை விட்டுட்டு நம்ம ஊர் வழக்கப்படி ரோஜா போட்டுடுங்களேன். யானை ரோஜா தின்னாதே?”

பெரியவர் பன்னை முடித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“தின்னாது சார். ஆனா போறப்ப ஒரு தடவ, வர்றப்ப ஒரு தடவ அது மேல நடக்கும்ல?”