தாம்பூலச் சுண்ணாம்புக் கடனும் அதன் நிறை நிர்ணயமும்

வெற்றிலையும் பாக்கும் கைவசமிருந்து சுண்ணாம்பு மட்டும் தீர்ந்துபோனபோது அடுத்த வீட்டுத் திண்ணையை நாடிச் செல்வது நம் நாட்டில் ஒருபோதும் இழுக்காகக் கருதப்பட்டதில்லை; எனினும், வட்டிக்கும் அடமானத்துக்கும் விரிவாக விதி வகுத்த சாஸ்திரகாரர்கள், அவ்வாறு வாங்கிய சுண்ணாம்பை எந்த நிறையில் திருப்பித் தருவது நியாயம் என்பதை ஆராயாது விட்டது பெருங்குறையே. 1792இல் ரிக்டர் என்னும் ஜெர்மானியர், பொருள்கள் கூடும் நிறைகளைக் கணக்கிட ஒரு தனிச் சாஸ்திரமே வகுத்தார். பாவம், அவருக்குத் தாம்பூலப் பழக்கம் இருந்திராது.

சுண்ணாம்புக்கு மூலமான கிளிஞ்சல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டு. அணு நிறையில் கால்சியத்துக்கு 40, கரிக்கு 12, பிராணவாயு மூன்றணுவுக்கு 48 எனக் கூட்டினால் 100 ஆகும். காளவாயில் சுடும்போது இந்த நூறில் 44 பங்கு கரியமில வாயுவாக ஆகாயம் சேர, 56 பங்கு சுட்ட சுண்ணாம்பாக எஞ்சுகிறது. அதனோடு 18 பங்கு நீர் கூடினால் 74 பங்கு நீற்றின சுண்ணாம்பு கிடைக்கும். சமன்பாட்டில் ஒவ்வொன்றும் ஒரே மூலக்கூறாதலால் பெருக்கும் தொல்லையும் இல்லை. நிறுப்பது பலமாயினும் கிராமாயினும் விகிதம் மாறாது. ஆனால் 18 கிராம் நீரை அளந்து ஊற்றி 56 கிராம் சுண்ணாம்பை நீற்றிவிடலாமென்று எண்ணுபவர் ஏமாறுவர். நீற்றும் சூட்டிலேயே நீர் கொதித்து ஆவியாகுமாதலால், தாராளமாக நீர் வார்க்கும் பாட்டிமாரின் கண்ணளவே இவ்விடத்தில் ஏட்டுக் கணக்கினும் சிலாக்கியமானது. மிஞ்சிய நீர் குழைவுக்கு உதவுமேயன்றி ரசாயனத்தில் பங்கு கொள்ளாது. எனவே, பின்வரும் நிறைகள் யாவும் அந்நீரை நீக்கியவை.

இனி வழக்கின் மர்மஸ்தானம். மூடி சரியாகப் பொருந்தாத கரண்டகத்தில், 74 கிராம் சுண்ணாம்பு காற்றிலிருந்து 44 கிராம் கரியமில வாயுவை மெல்ல ஏற்று, 18 கிராம் நீரை விடுத்து, 100 கிராம் கால்சியம் கார்பனேட்டாக, அதாவது பழைய கிளிஞ்சற் பொருளாகவே, மறுஜன்மம் எடுக்கிறது. சுண்ணாம்பு இழப்பதும் மீளப் பெறுவதும் ஒரே வாயு என்பதை ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக் 1756இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் காட்டினார்.

ஆகவே, குழைவான சுண்ணாம்பு 74 கிராம் வாங்கியவர், காய்ந்து கார்பனேட்டான கட்டியை அதே நிறைக்குத் தருவாரானால், அதிலுள்ள கால்சியம் ஏறக்குறைய 55 கிராம் நீற்றின சுண்ணாம்புக்கே ஈடாகும். மிச்சம் 19 கிராம் அபகரிப்பேயாம். நூறு கிராமாகத் தந்துவிட்டால் கால்சியம் நேராகிவிடும் என்று வாதிப்போரும் உண்டு. அவ்வாதம் கணிதத்தில் நிற்கும், வாயில் நிற்காது. பாக்குச் சாற்றைச் சிவக்கச் செய்யும் காரம் கார்பனேட்டில் போதாது. எனவே, காய்ந்த சுண்ணாம்பு எத்தனை கிராம் தரப்படினும் கடன் தீர்ந்ததாகாது; அதனை மறுபடி காளவாயிலிட்டுச் சுடும் விறகுச் செலவும், நீற்றும் நீரும் கடன் பட்டவரையே சாரும்.